லண்டன் – பாரிஸ்: 347 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்னு தேடுபொறியில் போட்டுப் பாருங்க. ஒரு தளம் 344 கி.மீ. என்று சொல்லும். இன்னொன்று 347 என்று சொல்லும். ரயிலில் போறவரைக் கேட்டால் 492. சரி, விமானத்தில் எவ்வளவு நேரம்? தூரக் கணிப்பான் 56 நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம். போய்ட்டு வந்த யாரையாவது கேட்டால், "அரை நாள் போயிடும்பா" என்பார்.

இதில் எதுவுமே பொய் இல்லை. ஒவ்வொன்றும் வேற வேற கேள்விக்கான பதில், அவ்வளவுதான். எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று தெரியாமல் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால்தான் சிக்கல். அடுத்த விமானத்தைத் தவறவிடுவது முதல் நீதிமன்றம் வரைக்கும் போகும் சிக்கல் அது. நீதிமன்றக் கதை பின்னாடி வருது. முதலில் தூரம்.

தூரத்தை நீங்களே போடலாம்

344 என்பது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு. 347 என்பது ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு. இரண்டுமே பூமியின் மேற்பரப்பில் நேராக நூல் பிடித்த தூரம். இதைக் கணக்கிட எந்தத் தளமும் தேவையில்லை, ஒரு கால்குலேட்டர் போதும்.

ஹீத்ரோ இருப்பது வடக்கு 51.47 டிகிரி, மேற்கு 0.45 டிகிரி. சார்ல் த கோல் வடக்கு 49.01, கிழக்கு 2.55. அட்சரேகை வித்தியாசம் 2.46 டிகிரி. தீர்க்கரேகையில் ஒன்று மேற்கு, ஒன்று கிழக்கு. அதனால் கூட்டணும்: 3.00 டிகிரி.

பூமியின் ஆரத்தை 6371 கி.மீ. என்று எடுத்தால், ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111.2 கி.மீ. ஆக வடக்கு-தெற்காக 273.6 கி.மீ. கிழக்கு-மேற்காக? இங்கேதான் நிறைய பேர் சறுக்குவாங்க. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி 111 கி.மீ. என்றால், பாரிஸ் பக்கத்தில் அது சுமார் 73 கி.மீ.தான். அதனால் சராசரி அட்சரேகையின் காஸ் மதிப்பால் பெருக்கணும். 50.24 டிகிரிக்குக் காஸ் 0.64. ஆக 3 × 111.2 × 0.64 = 213.5 கி.மீ. இப்போ பத்தாம் வகுப்பு பிதாகரஸ்: இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 347. காஸை மறந்தால் 431 வரும், அதாவது 84 கி.மீ. அதிகம்.

பூமி உருண்டையாச்சே, பிதாகரஸ் செல்லுமா? இவ்வளவு சின்னத் தூரத்துக்குச் செல்லும். பெரிய தூரத்துக்குத்தான் தடுமாறும். ஐரோப்பாவின் இரண்டு ஓரங்களை எடுத்துக்கோங்க: போர்ச்சுகலின் லிஸ்பன், பின்லாந்தின் ஹெல்சின்கி. லிஸ்பன் விமான நிலையம் வடக்கு 38.77, மேற்கு 9.13. ஹெல்சின்கி வடக்கு 60.32, கிழக்கு 24.96. அதே பிதாகரஸ் முறை 3434 கி.மீ. தருது. உருண்டைக்கான சரியான முறை தருவது 3365. கிட்டத்தட்ட 70 கி.மீ. பிசகு.

அந்தச் சரியான முறைக்குப் பெயர் ஹேவர்சைன். பயமுறுத்துகிற பெயர்தான், ஆனால் நாலு வரி நிரல். அட்சரேகை வித்தியாசத்தில் பாதியின் சைனை வர்க்கமாக்குங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதியின் சைனையும் வர்க்கமாக்கி, அதை இரண்டு ஊர் அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதன் தலைகீழ் சைனைக் கண்டுபிடித்து, 2 × 6371 ஆல் பெருக்கினால் கி.மீ.யில் தூரம். நிரலில் எழுதும்போது ஒன்றை மட்டும் கவனிங்க: பைத்தான், சி எல்லாவற்றிலும் சைன், காஸ் செயல்கூறுகள் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. தப்பான விடை மட்டும் அமைதியாக வரும். அதுதான் மோசம்.

நேரத்துக்கு வருவோம்

பல இணையக் கணிப்பான்கள் போடுகிற கணக்கு ரொம்ப எளிது. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் 30 நிமிடம் கூட்டு. லிஸ்பன்–ஹெல்சின்கிக்கு இது 4 மணி 42 நிமிடம் தருது. அட்டவணையில் இருப்பது திசையைப் பொறுத்து நாலரையிலிருந்து ஐந்து மணி நேரம். நல்ல பொருத்தம். அதே சூத்திரம் லண்டன்–பாரிஸுக்கு 56 நிமிடம் தருது. அட்டவணையிலோ 80 நிமிடம் வாக்கில். 24 நிமிடம் காணாமல் போச்சு. நீண்ட பயணத்தில் 24 நிமிடம் யாருக்கும் தெரியாது, குறுகிய பயணத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்.

அந்த 24 நிமிடம் எங்கே போச்சு? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

விமானம் எதிர்காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும், எதிர்காற்றைப் பார்த்துத்தான் இறங்கும். அப்போதுதான் குறைந்த தரைவேகத்திலேயே இறக்கைக்குப் போதுமான காற்றோட்டம் கிடைக்கும். மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்து வீசும். ஹீத்ரோவின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு-மேற்காக அமைந்தவை. ஆக, தென்கிழக்கில் இருக்கும் பாரிஸுக்குப் போக வேண்டிய விமானம் பெரும்பாலும் மேற்கே பார்த்துக் கிளம்பி, அப்புறம் திரும்பும். கிளம்பும்போதே ஊருக்கு முதுகைக் காட்டுகிறது!

சார்ல் த கோலிலும் இதே கதை. அங்கேயும் ஓடுபாதைகள் கிழக்கு-மேற்கு. வடமேற்கிலிருந்து வருகிற லண்டன் விமானம், மேற்குக் காற்று வீசும் நாளில் விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், வளைந்து திரும்பி, வந்த திசையைப் பார்த்தே இறங்கணும். 347 என்ற எண்ணில் இந்த இரண்டு வளைவுகளும் இல்லை. நடுவில் வான்வழிப் பாதைகள் குறிக்கப்பட்ட புள்ளிகள் வழியாகத்தான் போகும். அதுவும் 347-இல் இல்லை.

வேகமும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வரம்பு, அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ. குறுகிய பயணத்தில் விமானம் ஏறி முடித்துச் சில நிமிடங்களிலேயே இறங்கத் தொடங்கும். மணிக்கு 800 கி.மீ. என்ற வேகத்தில் அது பறப்பது கொஞ்ச நேரம்தான். ஆக, சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை முக்கால் மணி சொச்சம் ஆகிவிடும்.

மீதி நேரம் தரையில். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை, அதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். நிறுத்தி வைத்த விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பாங்க இல்லையா? அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர்வதிலிருந்து, அடுத்த ஊரில் நின்று மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. ஹீத்ரோ மாதிரி நெரிசலான இடத்தில் ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போய் வரிசையில் நிற்கவே கால் மணி நேரம் சாதாரணம். திரும்பி வரும்போது இன்னொன்றும் சேரும். இறங்க முறை வரும்வரை ஹீத்ரோவைச் சுற்றி பொவிங்டன், லாம்போர்ன், ஓக்காம், பிகின் ஹில் என நாலு இடங்களில் விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமடிக்கும். இதற்கெல்லாம் சேர்த்து நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளும். 15 நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்பது அந்தத் துறையின் வழக்கம். கூடுதலாக வைத்தால் அந்தப் பட்டியலில் பெயர் நல்லா இருக்கும், இல்லையா?

காற்றைப் பற்றி இன்னொரு வார்த்தை. லிஸ்பன்–ஹெல்சின்கி பாதையில் விமானத்தின் வேகம் மணிக்கு 850 கி.மீ., மேல்காற்று மேற்கிலிருந்து 100 கி.மீ. உதவுகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 950, வரும்போது 750. போக 3 மணி 33 நிமிடம், வர 4 மணி 29 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், 56 நிமிட வித்தியாசம். போகும்போது கிடைத்தது வரும்போது கழிந்துவிடும், சரிக்குச் சரி என்று தோணும். கூட்டிப் பாருங்க. காற்றே இல்லாவிட்டால் போய்வர 7 மணி 55 நிமிடம். காற்று இருந்தால் 8 மணி 2 நிமிடம். எதிர்காற்றில் நீங்கள் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால், அது எடுத்துக்கொள்வது பின்காற்று கொடுப்பதைவிட எப்போதும் அதிகம்.

கடிகாரத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

லண்டனைவிடப் பாரிஸ் கடிகாரம் 1 மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். 10:00 மணிக்கு லண்டனில் கிளம்பி 12:20-க்குப் பாரிஸில் இறங்கினால் அது 2 மணி 20 நிமிடப் பயணம் இல்லை, 1 மணி 20 நிமிடம். திரும்பும்போது 13:00-க்குக் கிளம்பி 13:20-க்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும்! லிஸ்பனுக்கும் ஹெல்சின்கிக்கும் 2 மணி நேர வித்தியாசம். கோடைக்கால நேரத்துக்கு மாறும்போது இது கலையுமா? கலையாது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று ஒரே கணத்தில்தான் கடிகாரத்தை மாற்றுகின்றன.

ஐந்து நிமிடம், 250 யூரோ

இப்போ நீதிமன்றக் கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்று ஒரு விதி உண்டு. அதன்படியும் அதன் மேல் வந்த தீர்ப்புகளின்படியும், விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், 1500 கி.மீ. வரையான பயணத்துக்கு ஒவ்வொரு பயணிக்கும் 250 யூரோ இழப்பீடு. அசாதாரணச் சூழ்நிலை என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டும் விலக்கு.

2012 மே மாதம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்-பான் விமான நிலையத்துக்கு ஜெர்மன்விங்ஸ் விமானம். 14:40-க்குச் சேர வேண்டியது. சக்கரம் தரையைத் தொட்டது 17:38-க்கு, அதாவது 2 மணி 58 நிமிடத் தாமதம். ஊர்ந்து போய் நிறுத்துமிடத்தை அடைந்தது 17:43-க்கு, 3 மணி 3 நிமிடத் தாமதம். அதற்குப் பிறகு கதவு திறந்தது. ஒரு பயணி 250 யூரோ கேட்டார். தரையைத் தொட்ட நேரம்தான் கணக்கு, 3 மணி ஆகவில்லை என்றது நிறுவனம்.

விமானம் எப்போது 'வந்து சேர்ந்தது'? தரையைத் தொட்டபோதா? நின்றபோதா? கட்டை வைத்தபோதா? விதியில் இதற்கு வரையறை இல்லை. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2014 செப்டம்பரில் தீர்ப்பு: குறைந்தது ஒரு கதவாவது திறக்கப்பட்டு, பயணிகள் வெளியேறலாம் என்ற நிலை வரும் கணமே வந்து சேர்ந்த நேரம். காரணம் எளிமையானது. மூடிய கதவுக்குள் இருக்கும்வரை நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கவோ நினைத்தபடி போகவோ முடியாது.

பாருங்க, ஓட்டுநருக்குச் சக்கரம், அட்டவணைக்குக் கட்டை, பயணிக்குக் கதவு. மூன்று பேருக்கும் ஸ்டாப்வாட்ச் நிற்கும் இடம் வேறு. நீதிமன்றம் பயணியின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டது.

கதவுக்கு அப்பால்

பயணியின் கடிகாரம் என்றால், அது விமானக் கதவில்கூட நிற்காது. வீட்டு வாசலிலிருந்து போக வேண்டிய வாசல் வரைக்கும் ஓடும். லண்டன் நடுவிலிருந்து பாரிஸ் நடுவுக்கு ஒரு கணக்கு போடுவோம். இவை நான் வைத்துக்கொண்ட மதிப்புகள், நீங்கள் மாற்றிப் பார்க்கலாம். ஹீத்ரோவுக்கு 45 நிமிடம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் 2 மணி நேரம் முன்னால். பிளாக் டைம் 80 நிமிடம். இறங்கி, பாஸ்போர்ட் வரிசை, பை எடுக்க 40. ஆர்.இ.ஆர். ரயிலில் பாரிஸுக்குள் வர 40. மொத்தம் 325 நிமிடம், 5 மணி 25 நிமிடம்.

347 கி.மீ.யை 800 கி.மீ. வேகத்தில் கடக்க ஆவது 26 நிமிடம். 325-இல் அது 8 சதவீதம்.

கணினித் துறை நண்பர்களுக்கு இந்த இடத்தில் ஆம்டால் விதி ஞாபகம் வரணும். 1967-இல் ஜீன் ஆம்டால் சொன்னது: ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகப்படுத்தினாலும், மொத்த ஆதாயத்தை மீதிப் பகுதி கட்டிப்போட்டுவிடும். விமானத்தின் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள், 13 நிமிடம் மிச்சம், 4 சதவீதம். வேகத்தை முடிவிலி ஆக்குங்கள், அப்பவும் 299 நிமிடம். பாதுகாப்புச் சோதனை வரிசையில் அரை மணி குறைத்தால் அதைவிட லாபம்.

வரலாறே இதற்குச் சாட்சி. 1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டன்–பாரிஸ் தினசரி விமானச் சேவை தொடங்கியது. ஹீத்ரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹவுன்ஸ்லோ ஹீத் திடலிலிருந்து லெ பூர்ஜே வரை. டி ஹாவிலண்ட் டி.எச்.4ஏ என்ற ஒற்றை எந்திர இரட்டை இறக்கை விமானம். ஒரே ஒரு பயணி, கூடவே செய்தித்தாள்கள், கொஞ்சம் தோல், டெவன்ஷர் க்ரீம், வேட்டையாடிய க்ரௌஸ் பறவைகள். சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது. இன்றைய ஜெட் அதைவிட நாலு மடங்கு வேகம். பிளாக் டைமோ பாதியளவுக்குத்தான் குறைந்திருக்கிறது.

ரயில் இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. கால்வாய்ச் சுரங்கம் வழியாக யூரோஸ்டார் 1994 நவம்பரில் ஓடத் தொடங்கியது. 2007-இல் இங்கிலாந்துப் பக்கத்திலும் அதிவேகப் பாதை முழுமையாகி, லண்டன் நிலையம் செயின்ட் பான்க்ரஸுக்கு மாறியது. தூரம் 492 கி.மீ., விமானத்தைவிட 145 கி.மீ. அதிகம். உச்ச வேகம் 300, சுரங்கத்துக்குள் 160. நேரம் சுமார் 2 மணி 20 நிமிடம், சராசரி மணிக்கு 211 கி.மீ. விமானத்தின் வேகத்தில் நாலில் ஒரு பங்கு. ஆனால் இரண்டு நிலையமும் ஊருக்குள்ளேயே இருக்கு. பாஸ்போர்ட் சோதனையும் கிளம்பும் முன்பே முடிந்துவிடும். நிலையத்துக்குப் போக 30, முன்கூட்டியே வர 75, ரயிலில் 140, வெளியே வர 5 என்றால் 250 நிமிடம். விமானத்தைவிட 1 மணி 15 நிமிடம் சீக்கிரம். இந்த இரண்டு நகரங்களுக்கிடையே போகிறவர்களில் பெரும்பான்மையினர் இப்போது ரயிலில் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரான்ஸ் இதைச் சட்டத்திலேயே எழுதியது. இரண்டரை மணி நேரத்துக்குள் நேரடி ரயில் போதுமான தடவை இருந்தால் அந்த உள்நாட்டு விமானத் தடம் கூடாது என்ற 2021 சட்டம், 2023 மே மாதம் ஆணையாக நடைமுறைக்கு வந்தது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நான்ட், லியோன் என மூன்று தடங்கள் அதில் அடங்கின. மூன்றே தடம்தானா என்று விமர்சித்தவர்கள் உண்டு, நியாயமான விமர்சனம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் அளவுகோலைக் கவனியுங்கள். விமானம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அது கேட்கவே இல்லை.

இனி உங்க முறை. மாட்ரிட் விமான நிலையம் வடக்கு 40.47, மேற்கு 3.56. பார்சிலோனா வடக்கு 41.30, கிழக்கு 2.08. ரயில் பாதை 621 கி.மீ., 2008-இல் திறந்த அதிவேகப் பாதையில் விரைவு ரயிலுக்குச் சுமார் இரண்டரை மணி. ஒரே நாடு, அதனால் பாஸ்போர்ட் வரிசையும் இல்லை, நேர வித்தியாசமும் இல்லை. விமானத்துக்கும் ரயிலுக்கும் நிலையான நேரத்தை நீங்களே வைத்து, எந்த இடத்தில் விமானம் ஜெயிக்க ஆரம்பிக்கும்னு பாருங்க. தூரம் 483-க்குப் பக்கத்தில் வரணும். 634 வந்தால் காஸை மறந்துட்டீங்க. 155 வந்தால் மேற்கையும் கிழக்கையும் ஒரே குறியில் போட்டுட்டீங்க.